முதலில் ஸ்கேல், அப்புறம் டேங்க்

ரிமோட்டில் ஓடும் மாடல் டேங்க் வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். டைகர் வாங்கலாமா, டி-90 வாங்கலாமா? இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் வண்டியா, நம் ராணுவம் ஓட்டும் ரஷ்ய வண்டியா என்பது அவரவர் ருசி. அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் எந்த ஸ்கேலில் வாங்குவது என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கையில் இருக்கும் காசுக்கு எந்தப் பெட்டி அடங்குகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அங்கேதான் எனக்கு வருத்தம். டேங்க் எது என்பது இரண்டாவது. ஸ்கேல்தான் முதல்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1965-ல் விஜயந்தா டேங்க் வெளியே வந்த அதே தொழிற்சாலை. நான் சேர்ந்த காலத்தில் டி-72 ஓடிக்கொண்டிருந்தது. பணியை விட்டபோது டி-90 பீஷ்மா. அளவுக் கருவியைக் கையில் வைத்தே பிழைத்தவன் என்பதால், மாடலைப் பார்த்தாலும் என் கண் பெயின்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் போவதில்லை. வண்டி எப்படி நிற்கிறது, கிளம்பும்போது பின்பக்கம் எப்படி அமுங்குகிறது, பிரேக் போட்டதும் மூக்கு எப்படித் தாழ்ந்து எழுகிறது என்பதில்தான் போகும். 46 டன் எடையுள்ள ஒன்று நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு அந்த அசைவு மறக்காது.

எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். “சார், 1/72-ல ஆறு டேங்க் வாங்குற காசுக்கு 1/16-ல ஒண்ணுதான் வருது. எது வாங்கறது?” என்றான். “ஒண்ணு வாங்கு தம்பி” என்றேன். காரணம் கேட்டான். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற காரணம் இல்லை அது.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். 1/16, 1/24, 1/48, 1/72 எல்லாம் அடி-அங்குலக் கணக்கு. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாடலில் முக்கால் அங்குலம், அது 1/16. அரை அங்குலம் என்றால் 1/24, கால் அங்குலம் என்றால் 1/48. ஆறு அடி ஓர் அங்குலமானால் 1/72. தச்சரிடம் இருக்கும் அங்குல டேப்பை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் உலகம் முழுக்க டேங்க் மாடல் கட்டுகிறவர்கள் அதிகம் வாங்கும் 1/35 இந்தக் கணக்கு எதிலும் உட்காராது. அடிக்கும் சேராது, மீட்டருக்கும் சேராது.

அதற்குக் காரணம் பேட்டரி. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் இருக்கும் தாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மன் பேந்தர் டேங்கை மோட்டாரில் ஓடும் பிளாஸ்டிக் கிட்டாகக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு பேட்டரியும் மோட்டாரும் கியரும் அடங்க வேண்டும். அவை அடங்குகிற அளவுக்கு உடம்பை வரைந்தார்கள். கிட் நன்றாக விற்றது. மற்ற டேங்குகளையும் இதே அளவில் போடலாமே என்று யோசித்து, விற்றுக்கொண்டிருந்த பேந்தரை அளந்து பார்த்தால் நிஜத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தாமியாவே இதைத் தன் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். இன்று எத்தனையோ கம்பெனிகள் மில்லிமீட்டர் பிசகாமல் பின்பற்றும் ஸ்கேல், இரண்டு பேட்டரி உட்கார இடம் தேடியதில் பிறந்தது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எந்த டிராயிங் ஆபீசிலும் இப்படி ஒரு கதை ஒளிந்திருக்கும்.

அதே தாமியா 1974-ல் தன் முதல் ரேடியோ கண்ட்ரோல் மாடலை விற்பனைக்கு விட்டபோது, அது கார் இல்லை. டேங்க். ஸ்கேல் 1/16. போர்ஷே 934 கார் 1/12-ல் வந்தது இரண்டு வருடம் கழித்து, 1976-ல்தான். அலமாரியில் வைக்க 1/35, மண்ணில் ஓட்ட 1/16 என்ற பிரிவு அன்றைக்கே விழுந்துவிட்டது. சீனாவின் ஹெங் லாங் பின்னால் வந்து, கட்டி முடித்த 1/16 டேங்கைப் பாதி விலைக்கும் கீழே கொடுக்க ஆரம்பித்தபோதும் அந்த எண்ணை மாற்றவில்லை. அவர்களிடம் டி-72-ம் உண்டு, டி-90-ம் உண்டு. ஆவடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இனி எடைக்கு வருவோம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நீளம் பதினாறில் ஒன்று என்றால் எடையும் பதினாறில் ஒன்று இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து குறைகின்றன. பதினாறைப் பதினாறால் பெருக்கி இன்னொரு முறையும் பெருக்க வேண்டும். 4,096. டி-90-ன் 46.5 டன்னை அதால் வகுத்தால் பதினோரு கிலோ சொச்சம் வரும். 1/35-ல் அதே வண்டி ஒரே ஒரு கிலோ. 1/72-ல் 125 கிராம் தேறும். ஒரு சோப்புக் கட்டி எடை. கடையில் வாங்கும் 1/16 பிளாஸ்டிக் டேங்க் மூன்று நான்கு கிலோதான் இருக்கும். பதினோரு கிலோ இருக்க வேண்டியது நான்கு கிலோவில் வருகிறது. அதனால்தான் கல்லில் ஏறினால் குதிக்கிறது. நிஜ டேங்க் கல்லின் மேல் படியும்.

நான் செய்வது, மீன்பிடிக் கடையில் ஈயக்குண்டு வாங்கி, ஹல்லின், அதாவது டேங்கின் கீழ் உடம்பின், தரையோடு தரையாக, நடுவில் ஒட்டுவது. மேலே பீரங்கி சுழலும் டரட்டில் வைத்தால் வளைவில் சாயும். பின்பக்கம் வைத்தால் மேடு ஏறும்போது மூக்கைத் தூக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஆறு கிலோ வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் ஏற்றினால் பிளாஸ்டிக் கியரின் பற்கள் மழுங்கும், டிராக்கின் பின் ஒன்றொன்றாக வளையும். அப்புறம் மெட்டல் கியர் பாக்ஸ், மெட்டல் டிராக், பெரிய பேட்டரி என்று செலவு வரிசை கட்டும். ஆறு கிலோவில் நிறுத்திக்கொண்டாலும் வண்டியின் நடை மாறிவிடும். இந்த வேலையை 1/35-ல் செய்ய முடியாது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் போனது போக ஈயம் வைக்க இடமே இருக்காது.

எடை மட்டும் இல்லை, நேரமும் கணக்கில் வருகிறது. வண்டியை எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் பூமியின் ஈர்ப்பு சின்னதாவதில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 விநாடி ஆகும். அதே உயரம் 1/16-ல் ஆறேகால் சென்டிமீட்டர், விழ 0.11 விநாடி. நான்கு மடங்கு வேகம். பதினாறின் வர்க்கமூலம் நான்கு, அவ்வளவுதான் விஷயம். மூக்கு தாழ்ந்து எழுவது, டரட் குலுங்குவது எல்லாமே நிஜத்தைவிட நான்கு மடங்கு அவசரமாக நடக்கும். 1/35-ல் ஏறக்குறைய ஆறு மடங்கு. 1/72-ல் எட்டரை. சின்ன டேங்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஓடத் தொடங்கியதும் பொம்மையாகிவிடுவதற்கு இதுதான் காரணம். பெயின்ட் அடிக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சினிமாவில் மினியேச்சர் படம் பிடிக்கிறவர்களுக்கு இது பழைய பாடம். கேமராவை வேகமாக ஓட்டி, திரையில் நிதானமாகக் காட்டுவார்கள். இன்று அந்த வித்தை எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. செல்போனில் ஸ்லோ மோஷனை விநாடிக்கு 120 பிரேம் என்று வைத்து எடுத்து, 30-ல் ஓடவிட்டால் சரியாக நான்கு மடங்கு நிதானம். 1/16 டேங்குக்கென்றே செய்து வைத்தது போல. தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, நடை வேகத்தில் ஓட்டி எடுத்துப் பாருங்கள். திரையில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் நிஜ வண்டி வரும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படி எடுத்த வீடியோவை அனுப்பினேன். எந்த யார்டில் எடுத்தது என்று கேட்டார்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும். டி-90 மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும். 1/16-ல் அது மூன்றே முக்கால் கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகம். 1/35-ல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் கடையில் விற்கும் சின்ன டேங்குகள் தரையில் விர்ரென்று பறக்கின்றன. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், நான் மறுக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்காது.

அடுத்தது மண். மொட்டை மாடியில் வீட்டு வேலைக்குக் கொட்டி மிஞ்சிய எம்-சாண்ட் குவியல்தான் என் பயிற்சி மைதானம். எம்-சாண்டில் பெரிய மணி 4.75 மில்லிமீட்டர் வரை இருக்கும்; அந்தச் சல்லடையில் விழுவதுதான் மணல், மேலே நிற்பது ஜல்லி. அந்த மணியை 1/16 டேங்கில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் பார்த்தால் ஏழரை சென்டிமீட்டர் கல். 1/35 டிரைவருக்குப் பதினாறரை சென்டிமீட்டர், கருங்கல் ஜல்லியைவிடப் பெரிது. 1/72-ல் அது முப்பத்துநான்கு சென்டிமீட்டர் பாறை. டேங்கைச் சின்னதாக்கலாம், மணலைச் சின்னதாக்க முடியாது. ஆகவே 1/35 டேங்க் எம்-சாண்டில் ஏறினால் ரோடு வீலுக்கும் டிராக்குக்கும் நடுவில் ஒரு மணி சிக்கும், ‘டிக் டிக்’ என்று கியர் தாவும், ஒரு பக்க டிராக் கழன்று விழும். 1/16 பொறுமையாக ஏறிவிடும். அதிலும் மணல் சிக்காமல் இல்லை. பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். மழைக்குத் தட்டோடு பதித்த மாடியில் ஓட்டினால்கூட இந்த வித்தியாசம் தெரியும். ஓடுகளுக்கு இடையில் இருக்கும் கோடு 1/16-க்கு ஒரு சின்னப் பள்ளம், 1/72-க்குக் கால்வாய்.

வெளித்தோற்றத்திலும் இன்ஸ்பெக்டர் புத்தி போகாது எனக்கு. 17-ம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் போல்ட் தலை 1/16-ல் ஒரு மில்லிமீட்டர். அறுகோணமாகவே அச்சில் எடுக்கலாம். 1/35-ல் அரை மில்லிமீட்டர். 1/72-ல் அது வெறும் புள்ளி. மட்கார்டுத் தகட்டைப் பாருங்கள். மாடலில் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். 1/35 கணக்கில் அது முப்பத்தைந்து மில்லிமீட்டர். மட்கார்டா, கவசமா? 1/16-லும் தடிமன் அதிகம்தான், ஆனால் தேய்த்து ஓரத்தை மெலிதாக்கிவிடலாம்.

சின்ன ஸ்கேல்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இருபதுக்குப் பத்து அடி மொட்டை மாடி 1/16 டேங்குக்கு ஏறக்குறைய நூறு மீட்டருக்கு ஐம்பது மீட்டர். ஒரு கால்பந்து மைதானம்கூட முழுதாக இல்லை. இரண்டு கிலோமீட்டரில் சுடும் வண்டிகளை அதில் எதிரெதிரே நிறுத்தினால் முகத்தோடு முகம் மோதும் சண்டை. அதே மாடி 1/72-ல் நானூறு மீட்டருக்கு மேல் நீளம். கிராமம், வயல், சாலை எல்லாம் வைத்து ஒரு போர்க்களத்தையே விரிக்கலாம். டேங்கைவிடப் போர்தான் முக்கியம் என்கிறவர்கள் 1/72 வாங்கட்டும். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 1/16-ல் வேறொரு வசதி உண்டு. தாமியா கொண்டுவந்த இன்ஃப்ராரெட் சண்டை முறையில் கனரக டேங்க் ஒன்பது முறை சுடப்பட்டால்வரை தாங்கும், நடுத்தரம் ஆறு, இலகு மூன்று. வேறு கம்பெனி வண்டிகளையும் அந்த முறைக்குள் கொண்டுவரலாம். என் டி-90 உங்கள் டைகரைச் சுட்டால் அதற்குக் கணக்கு உண்டு.

1/24 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்கேல். வண்டித் தேர்வும் குறைவு, உதிரிப் பாகமும் கிடைப்பது கஷ்டம். 1/6-ல் இங்கிலாந்தில் முழு உலோகக் கிட்டே விற்கிறார்கள். அந்த ஸ்கேலில் டி-90-ன் நிஜக் கணக்கு எடை 215 கிலோ. அடுக்குமாடி லிஃப்ட்டில் இரண்டு மூன்று பேரை இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குண்டு சுடும் 1/16 வண்டிகளைப் பற்றி ஒரு வேடிக்கை: குண்டு 6 மில்லிமீட்டர், பதினாறால் பெருக்கினால் 96. டைகரின் 88-க்கும் டி-90-ன் 125-க்கும் நடுவில் விழுகிறது. கணக்கு பொருந்துகிறது என்பதற்காகக் கண்ணாடி போடாமல் சுட்டு விளையாட வேண்டாம். கண் எந்த ஸ்கேலிலும் ஒன்றுதான்.

இவ்வளவு சொல்லியும் அந்தப் பையன் 1/72 பக்கம் சாய்ந்தால் குறை சொல்ல மாட்டேன். விலை அப்படி. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60-க்கு உயர்த்தினார்கள். ஸ்கேல் மாடல்களும் அதே வரிசையில்தான். 2023-ல் அது 70 ஆனது. அதன் மேல் ஜி.எஸ்.டி. தனி. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற என்றார்கள். நல்லது. நம் ஊர் மரப்பொம்மைக்கும் கிலுகிலுப்பைக்கும் போட்டியாகச் சீனப் பிளாஸ்டிக் வந்து குவிந்ததை நானும் பார்த்தவன்தான். ஆனால் சஸ்பென்ஷன் வைத்து, கியர் பாக்ஸ் வைத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து கட்ட வேண்டிய 1/16 கிட்டையும் கிலுகிலுப்பையையும் ஒரே தராசில் நிறுத்தியதில்தான் எனக்கு மாறுபாடு. வரி விலையின் மேல் விழுகிறது; பெரிய ஸ்கேல் என்றால் விலை பெரிது, வரியும் பெரிது, பெட்டி பெரிதென்பதால் கப்பல் கூலியும் பெரிது. இப்படி எந்த ஸ்கேலில் மாடல் கட்டுவது என்பதைக் கடைசியில் வரி அட்டவணைதான் தீர்மானிக்கிறது.

இதில் அரசே அரசோடு முரண்படுகிறது. பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயம் என்று 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஆணையில், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கானதுதான் பொம்மை என்று எழுதியிருக்கிறார்கள். சரியான கோடு. தரம் பார்க்கும்போது பதினான்கு வயதைப் பார்க்கிறவர்கள், வரி போடும்போது அதை மறந்துவிடுகிறார்கள். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று குறித்து வரும் கட்டும் மாடல்களுக்கு வரி அட்டவணையில் தனிப் பிரிவு ஒன்று எழுதி, பழைய 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எந்தப் பொம்மைத் தொழிலாளியும் நஷ்டப்படப் போவதில்லை. இங்கே 1/16-ல் கட்டும் கிட் செய்கிற தொழிற்சாலையைக் காப்பாற்ற வேண்டிய நிலையும் இல்லை. ஆவடியில் அர்ஜுன் டேங்கே செய்கிறோம். ஏழு ரோடு வீல், எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன். அதை 1/16-ல் பிளாஸ்டிக்கில் வார்த்து நாமே விற்றால், வெளியிலிருந்து வருவதற்கு எவ்வளவு வரி போட்டாலும் நான் வாயே திறக்க மாட்டேன்.

அதுவரை, புதிது வாங்க முடியாதவர்கள் கைமாறி வரும் 1/16 வண்டியைத் தேடலாம். வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். வண்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு ரோடு வீலையும் விரலால் அழுத்துங்கள். எல்லாம் தனித்தனியாக உள்ளே போய்த் திரும்ப வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அச்சு வளைந்திருக்கிறது. பிறகு தரையில் வைத்து, நின்ற இடத்திலேயே இடமும் வலமும் சுற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சுற்றும்போது சத்தம் கரகரத்தால் அந்தப் பக்கக் கியர் போய்விட்டது என்று அர்த்தம். மெட்டல் கியர் பாக்ஸ் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.